இணைப்பு சரி, வரிசை பூஜ்யம்

புதுவெட்டுக்குடி
19.01.2026

அன்புள்ள கனிக்கு,

நீ பஸ் ஏறிய மறுநாளே எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை. இன்றுதான் பாபநாசம் போனபோது வாங்கினேன். பொங்கலுக்கு நீ இருந்த நாலு நாளும் நாலு நிமிஷம்போல ஓடிவிட்டது. அம்மா இன்னும் "கனி இருந்தா இந்த முருங்கைக்கீரைய ஒரு கை பாத்திருப்பா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போனில் பேசலாமே என்று நீ திட்டுவாய். உங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம்தான் போனைக் கையில் கொடுக்கிறார்கள், அது அத்தை தன் மகளோடு பேசவே போதவில்லை. அதுவும் இல்லாமல் எனக்குப் போனில் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். எதிரில் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றாலே நினைத்த வார்த்தை எல்லாம் மறந்துபோகிறது. பத்தாவதோடு நான் நின்றதற்கு அம்மாவின் கால் எலும்பு முறிந்ததுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஆனால் இனிமேல் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டாம் என்று எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

மாமா, அதுதான் உன் அப்பா, என்னை உழவர் கூட்டமைப்பு ஆபீசில் சேர்த்துவிட்டு நாலு மாதம் ஆகிவிட்டது. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. யாராவது வந்து சர்வே நம்பர் சொல்வார்கள், எத்தனை மா நிலம், சேற்றில் இறங்குகிற செயின் வண்டி வேண்டுமா டயர் வண்டி போதுமா என்று சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவேன். அறுவடை மிஷின் யார் வயலுக்கு என்றைக்கு என்று அதில் முறை விழும். அந்த முறைப்படி உன் அப்பா தன் டைரியைப் பார்த்து டிரைவர்களுக்குப் போன் போடுவார். "எலே, நாளைக்கு வெள்ளனா வடக்கு வாய்க்கா தாண்டி வந்துரு, சேத்துல எறக்கிட்டு என்னைத் திட்டாத" என்று அவர் போடுகிற சத்தம் ரோடு வரை கேட்கும்.

இந்த வருஷம் அதை மாற்றுகிறார்கள். நம்முடையது மாதிரி நாலு கிளை ஆபீஸ் பட்டியலையும் தஞ்சாவூர் தலைமை ஆபீசில் ஒன்றாகச் சேர்க்க ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். இன்டக்ரேஷன் டூல் என்கிறார்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அது நம் பட்டியலை எடுத்துக்கொண்டு போகுமாம். அங்கிருந்து டிரைவர்களுக்கு நேராக மெசேஜ் போய்விடுமாம். கும்பகோணத்திலிருந்து பரிதி சார்தான் இதையெல்லாம் செய்கிறார். நம் கம்ப்யூட்டரில் இணைக்கிற வேலையை அவர் போனில் சொல்லச் சொல்ல நான் செய்ய வேண்டுமாம். மேனேஜர் நெடுமாறன் சார், "சுடர் செய்யட்டும், கை வேகமா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பரிதி சார் நேற்று அரைமணி நேரம் பேசினார். நம் பட்டியல் பகலில் கம்ப்யூட்டர் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், இருக்காதாம், மெமரியிலேயே இருக்குமாம். அதனால்தான் முறையை மாற்றினால் உடனே மாறுகிறதாம். சாயங்காலம் ப்ரோக்ராமை மூடும்போதுதான் வட்டில் எழுதிக்கொள்ளுமாம். நான் ஏழு தடவை "சரி சார்" சொன்னேன். புரிந்தது இரண்டு தடவைதான்.

நம் ஊருக்கு முறை இருபத்தெட்டாம் தேதி. முப்பத்தேழு வீட்டுக்காரர்கள், உங்கள் வயல் வழக்கம்போல அதற்கு அடுத்த முறையில். அம்மாவின் குத்தகை ஆறு மாவும் அதில் இருக்கிறது. கதிர் நன்றாக முற்றிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் பிரியமுள்ள
சுடர்விழி


திருச்சி, மகளிர் விடுதி
23.01.2026

அடி ஊமச்சி,

உன் கடிதம் வந்தது. என் ரூம் ஆர்த்தி, "யாருடி இந்தக் காலத்துல லெட்டர் போடறது, லவ்வரா?"ன்னு பிடுங்கப் பார்த்தா. "ஆமா, பேரு சுடர்விழி, மாசச் சம்பளம் வாங்குற ஆளு"ன்னு சொன்னேன். வயிறு எரிஞ்சு போயிட்டா.

பெருமையா இருக்குடி. நான் டிப்ளமோவுல ரெண்டு வருஷமா டேட்டாபேஸ் பாடத்தை மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கேன். நீ நிஜமாவே ஒண்ண இணைக்கப் போறே. எங்க லேப்ல பாதிக் கம்ப்யூட்டர் எந்திரிக்கவே மாட்டேங்குது.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கேளு. புரியலேன்னா "புரியல சார்"னு சொல்லு. ரெண்டு சொல்லுதான். செத்தா போயிடுவே? பரிதி சார் என்ன கடிச்சா தின்னுடுவாரு? வாய் வரலேன்னா வாட்ஸப்ல எழுதி அனுப்பு. "சரி சார், சரி சார்"னு தலையாட்டிட்டு வந்து எனக்கு நாலு பக்கம் எழுதாதே.

அப்பாகிட்ட பழைய செருப்ப மாத்தச் சொல்லு. நான் சொன்னா காதுல வாங்க மாட்டாரு. மருமக சொன்னா கேப்பாரு.

அறுப்பு முடிஞ்சதும் ஒரு வரி போடு. வேம்பு அத்தைய ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு.

உன்
கனி


புதுவெட்டுக்குடி
29.01.2026

அன்புள்ள கனிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். உன் அப்பா நன்றாக இருக்கிறார். செருப்பைப் பற்றிச் சொன்னேன், சிரித்தார்.

இணைக்கிற வேலை செவ்வாய்க்கிழமை முடிந்தது. மிஷின் இன்னும் நம் ஊருக்கு வரவில்லை. ஏதோ தாமதம் என்கிறார்கள். வானம் கொஞ்சம் மூடியிருக்கிறது.

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். சும்மா தெரிந்துகொள்ளத்தான். ஒரு டேட்டாபேஸ் மெமரியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள். வேறொரு டூலை அதோடு இணைக்க ஒரு வரி கொடுக்க வேண்டும். அந்த வரியில் 'மெம்' என்றும் போடலாம், 'சர்வர்' என்றும் போடலாம். டேட்டா மெமரியில்தானே இருக்கிறது என்று ஒருவர் 'மெம்' போட்டுவிட்டால் என்ன ஆகும்? பட்டியலின் பேரெல்லாம் சரியாகத்தான் கொடுத்தார். பச்சை வந்தது, இணைப்பு சரி என்று காட்டியது. ஆனால் உள்ளே அட்டவணை ஒன்றும் தெரியவில்லை. "இல்லாவிட்டால் உருவாக்கவா?" என்று கேட்டது. "ஆம்" என்று அழுத்தினார். அட்டவணை வந்துவிட்டது. சாயங்காலம் ஓடியபோது முடிந்தது என்று மறுபடியும் பச்சை வந்தது. பக்கத்தில் மட்டும், படித்த வரிசை பூஜ்யம், எழுதிய வரிசை பூஜ்யம் என்று இருந்தது. இது ஏன்?

இது அவசரம் இல்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

அம்மா கதிரைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். மேகத்தைப் பார்த்தால் அவளுக்கு அப்படித்தான்.

உன்
சுடர்விழி


திருச்சி
31.01.2026

அடியே சுடரு,

பரவாயில்லையே, கேள்வியெல்லாம் பலமா இருக்கு. எங்க மேடத்துக்கிட்டயே கேட்டுட்டு வந்து எழுதறேன்.

மெமரின்னா ஊருக்குப் பொதுக் குளம்னு நெனச்சுக்காதே. ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் அவங்கவங்க வீட்டு அண்டா. உன் பட்டியல் உங்க ப்ரோக்ராம் வீட்டு அண்டாவுக்குள்ள இருக்கு. அந்த டூலு பக்கத்து வீடு. அங்க போயி 'மெம்'னு போட்டு, "பட்டியல்ங்கற அண்டாவ எடு"ன்னா, அந்தப் பேருல எங்கிட்ட இல்லையேன்னு அது சொல்லாது. தன் வீட்டுல புதுசா ஒண்ண எடுத்து வச்சு, இந்தான்னு காட்டும். காலி அண்டா. இணைஞ்சது நெசம், அதனாலதான் பச்சை. இணைஞ்ச வீடுதான் வேற. 'சர்வர்'னு போட்டாத்தான் சுவத்தத் தாண்டி உங்க அண்டாவுல கை போகும்.

இதுல மோசமான விஷயம், அந்தக் காலிய அள்ளிக்கிட்டுப் போயி தலைமை ஆபீசு பட்டியல் மேல ஊத்திடும். பழசும் போயிடும். மேடம் சொன்னாங்க, பச்சையப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போறவன் வேலைக்கே ஆகமாட்டான், எண்ணிக்கையப் பார்க்கணும்னு. இத எந்தப் புத்திசாலி செஞ்சான்? உங்க பரிதி சாரா?

இரு, நாளைக்கு அம்மாகிட்ட பேசிட்டு மிச்சத்த எழுதி அனுப்பறேன்.

01.02.2026, ஞாயிறு

சுடரு, அம்மா போன்ல அழுவுறாங்க. ரெண்டு நாளா அங்க விடாம மழையாம். நம்மூரு கதிரெல்லாம் சாஞ்சுடுச்சாமே. மிஷின் எங்க அம்மா பொறந்த ஊரு ஓலையக்குடிக்குப் போயிடுச்சாம். அப்பாதான் மச்சினன் ஊருக்கு வண்டியத் திருப்பி விட்டுட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்களாம். டீக்கடையில சாமிதுரை தாத்தா, "ஓலையக்குடி மாப்பிள்ளைக்கு ஒரு டீ போடு, விருந்தாளி"ன்னு சொன்னாராம். அப்பா டீ குடிக்காமயே வந்துட்டாராம். அந்த மனுஷன் இருபது வருஷமா முறைய ஒரு தடவ மாத்தினதில்ல. நம்ம வீட்டு வயலையே கடைசியில வச்சவரு.

நீ அந்த ஆபீசுக்குள்ளேயேதான் இருக்கே. யாரு என்ன செஞ்சாங்கன்னு கண்டுபிடிடி. அப்பாவுக்குச் சொல்லிக்க ஒருத்தருமில்ல. உன்ன நம்பித்தான் எழுதறேன்.

கனி


புதுவெட்டுக்குடி
05.02.2026

கனி,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. அண்டா என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு மீதியும் புரிந்துவிட்டது.

அந்த ஒருவர் நான்தான்.

நடந்தது முழுவதையும் எழுதுகிறேன். இருபத்தேழாம் தேதி காலையில் பரிதி சார் வாட்ஸப்பில் மூன்று வரி அனுப்பினார். எல்லாம் இங்கிலீஷ். 'சர்வர்' என்று ஒரு வரி, 'ஃபைல்' என்று ஒன்று, 'மெம்' என்று ஒன்று. எதைப் போட வேண்டும் என்று கீழே எழுதியிருந்தார், எனக்கு முழுசாக விளங்கவில்லை. மெமரியில்தான் இருக்கிறது என்று முன்னே சொன்னாரே என்று 'மெம்' போட்டேன். பச்சை வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பத்தாவது படித்தவள் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சார் போன் செய்து, "ஆயிடுச்சாம்மா?" என்றார். "ஆயிடுச்சு சார்" என்றேன். நெடுமாறன் சார் எல்லாருக்கும் எதிரில், "பாத்தீங்களா?" என்றார். உன் அப்பா எனக்குக் கைதட்டினார். உண்மையாகவே கைதட்டினார், கனி.

ஆறு மணிக்கு அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தேன். பூஜ்யம் என்றால் என்ன என்று தெரியாதவள் இல்லை நான். ஏதோ சரியில்லை என்று அப்போதே தெரிந்தது. பரிதி சார் நம்பரை எடுத்தேன். அழுத்தவில்லை. இப்போதுதானே "ஆயிடுச்சு" என்று சொன்னோம், உடனே "ஆகலை" என்றால் என்ன நினைப்பார்கள் என்று இருந்தது. காலையில் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி எதுவும் தானாகச் சரியாகாது என்று எனக்குத் தெரியும்.

தஞ்சாவூரில் நம் கிளைக்கு ஒரு வயல்கூட இல்லை என்று காட்டியிருக்கிறது. அடுத்த முறை ஓலையக்குடி, அவர்களுக்கு மெசேஜ் போய்விட்டது. இனிமேல் டிரைவர்களுக்கு நீங்கள் போன் போட வேண்டாம் என்று உன் அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தார்கள், அதனால் அவரும் போடவில்லை. இருபத்தெட்டு முழுக்க ரோட்டில் நின்று பார்த்தார். இருபத்தொன்பதில் போன் போட்டபோது வண்டிகள் ஓலையக்குடி சேற்றில் இறங்கிவிட்டன. முப்பதாம் தேதி மதியம் மழை.

நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பட்டியல் பத்திரமாக இருக்கிறது. முப்பத்தேழு பேரும் வரிசையாக இருக்கிறார்கள். அதைத்தான் எல்லாரும் வந்து வந்து பார்க்கிறார்கள். "இங்க சரியா இருக்கு, அங்க போய்ச் சேரலேன்னா நடுவுல ஒரு ஆளு நிறுத்தியிருக்கணும்" என்று நெடுமாறன் சார் சொல்கிறார். அப்படிச் சொல்லும்போது எல்லாரும் மாமாவைப் பார்க்கிறார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்தொன்பதாம் தேதி உனக்கு எழுதினேனே, அன்றைக்கே எனக்குப் பாதி தெரியும். உன்னிடமே விடையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். 'உன் அப்பா நன்றாக இருக்கிறார்' என்று எழுதினேன். அவர் அப்போதும் ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தார். செருப்புக்கு அவர் சிரித்ததாக எழுதியதும் பொய். நான் அவரிடம் பேசவே இல்லை.

நாளை மறுநாள் சனிக்கிழமை, கூட்டமைப்புக் கூட்டம். மாமாவை எடுத்துவிடப்போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அங்கே சொல்லிவிடுகிறேன். சொல்ல வரவில்லை என்றால் என்ன செய்வது என்றுதான் பயமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

சுடர்விழி


புதுவெட்டுக்குடி
08.02.2026

கனி,

சொல்லிவிட்டேன். முன்னே எழுதிய கடிதம் உனக்கு இன்னும் வந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன்.

நெல் மூட்டை அடுக்குகிற கொட்டகையில் கூட்டம். எண்பது பேர் இருக்கும். மாமா ஓரத்தில் டைரியோடு நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. "ஓலையக்குடி மாப்பிள்ளைக்கு நாற்காலி போடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல், நாலு பேர் சிரித்தார்கள்.

நான் அந்தப் பூஜ்யம் இருந்த பக்கத்தைத் தாளில் எடுத்து வைத்திருந்தேன். எழுந்து நின்றேன். "நான்தான்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. "என்ன சொல்லுது புள்ள?" என்றார்கள். மறுபடியும் சொன்னேன். "சத்தமா சொல்லு, தூறலு சத்தத்துல கேக்கல" என்றார் சாமிதுரை தாத்தா. தூறலே இல்லை. மூன்றாம் தடவை எல்லாருக்கும் கேட்டது. இணைத்தது நான், தப்பாக இணைத்தது நான், பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுப் பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான், மாமா எதையும் மாற்றவில்லை என்று சொன்னேன்.

நெடுமாறன் சார் உடனே பரிதி சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவரும் அதேதான் சொன்னார். தான் நேரில் வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் டூல், சர்வர் என்று அவர் பேசியது பாதிப் பேருக்குப் புரியவில்லை. "தங்கையன் விவரமான ஆளுய்யா. சின்னப் புள்ளைய முன்னால விட்டுட்டுப் பின்னால நிக்கிறான்" என்று மாமாவைக் காட்டி யாரோ சொன்னார்கள். அது அப்படியே பரவிவிட்டது. நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். நான் அழுதது அவர்களுக்கு அதற்குச் சாட்சியாகிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு மாமா தன் துண்டையும் சார்ஜரையும் எடுக்க ஆபீசுக்குள் வந்தார். "எப்பத் தெரியும் உனக்கு?" என்றார். "அன்னிக்கே, ஆறு மணிக்கு" என்றேன். சார்ஜரைப் பிடுங்கிச் சுற்றினார். பிறகு, "அன்னிக்கு ஆறு மணிக்கு ரெண்டு செயின் வண்டி அம்மாபேட்டையில சும்மா நின்னுச்சும்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயி ஓட்டிக்கிட்டே வந்திருப்பேன்" என்றார். திட்டவில்லை. போய்விட்டார். "நீங்க வேலையில இருங்க" என்று நெடுமாறன் சார் பின்னாலேயே போய்ச் சொன்னார். "பாப்பம்" என்று மட்டும் சொன்னார் மாமா.

இணைத்தது தப்புத்தான், அதை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம் என்று இத்தனை நாளும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குச் சும்மா இருந்ததை வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

சுடர்விழி


திருச்சி
12.02.2026

சுடர்விழிக்கு,

ரெண்டு கடிதமும் ஒரே நாள்ல வந்துச்சு. தேதி பார்த்து வரிசையாப் படிச்சேன்.

'மெம்' போட்டதுக்கு எனக்குக் கோபமில்ல. எங்க கிளாஸ்ல பதினெட்டு பேரு அதே தப்பச் செஞ்சிருக்கோம், எனக்கும் காலியாத்தான் வந்துச்சு, ஏன்னு அப்பப் புரியல. எங்களுக்கு மார்க்குதான் போச்சு.

எனக்குக் கோபம் எதுக்குன்னா, நான் மேடத்துக்கிட்ட போயி நின்னு கேட்டு, அண்டா குண்டான்னு சிரிச்சுக்கிட்டே உனக்கு எழுதியிருக்கேன். 'எந்தப் புத்திசாலி செஞ்சான்'னு கேலி பண்ணியிருக்கேன். எங்க அப்பா டீ குடிக்காம திரும்பி வந்த வாரம் அது.

கூட்டத்துல சொன்னே. சரி. எனக்கு நீ எழுதாத ஒண்ண எங்க அம்மா போன்ல சொன்னாங்க. அன்னிக்குச் சாயங்காலம் வேம்பு அத்தை எங்க வீட்டு வாசல்ல வந்து, "எம் புள்ள வாயில்லாப் பூச்சி, அதப் புடிச்சுப் பலி குடுத்தியேடா பாவி"ன்னு மண்ண வாரி எறச்சாங்களாம். கூடப் பொறக்காத அண்ணன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச அத்தை. நீ பக்கத்துலயே அத்தை கையப் புடிச்சுக்கிட்டு நின்னியாம். ஒரு வார்த்தை பேசலியாம். உள்ள எங்க அப்பா கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தாராம்.

எண்பது பேரு முன்னால பேசத் தெரிஞ்சவளுக்கு உன் அம்மா ஒருத்தி முன்னால பேசத் தெரியலையா?

அந்தக் கூட்டத்துக்கு வந்தவங்க ஊரு முழுக்க இல்ல. வந்தவங்கள்லயும் பாதிப் பேரு நம்பல. முப்பத்தேழு வீடுன்னு நீதான் எழுதினே. நீ என்ன செய்யணும்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா நான் சொல்லித்தான் செஞ்சேன்னு ஆயிடும்.

எனக்கு இப்ப எழுத ஒண்ணுமில்ல.

கனிமொழி


புதுவெட்டுக்குடி
23.02.2026

கனிமொழிக்கு,

நீ பதில் போட வேண்டாம். உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பதினான்காம் தேதியிலிருந்து வீடு வீடாகப் போனேன். ஆபீஸ் முடிந்து ஒரு நாளைக்கு நாலு வீடு, ஐந்து வீடு. முதல் வீட்டில் கதவைத் தட்டவே கால்மணி ஆயிற்று. அந்த வீட்டு அக்கா, "என்னடி, ரேஷன் கார்டு கணக்கெடுப்பா?" என்றாள். அந்தத் தாளைக் காட்டினேன். டூல், சர்வர் என்று சொல்லாமல் உன் அண்டாவை வைத்துத்தான் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அது எல்லாருக்கும் புரிந்தது. "அப்ப தங்கையன் இதுல எங்க வர்றாரு?" என்று அவர்களே கேட்டார்கள். "எங்கயும் வரல" என்று சொன்னேன்.

சில வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். சில வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் ஒரு அண்ணன் முளைவிட்ட கதிரை ஒரு பிடி கொண்டுவந்து என் கையில் வைத்து, "வச்சுக்க" என்றார். வாங்கிக்கொண்டேன். சாமிதுரை தாத்தா மட்டும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "நான் அவனை டீக்கடையில ஒரு வார்த்தை சொல்லிட்டேன் புள்ள" என்றார். "அத அவருகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க தாத்தா" என்றேன். போனாரா என்று தெரியாது.

நடுவில் பரிதி சார் நேரில் வந்தார். "எனக்கு இங்கிலீஷ் வரி புரியாது சார், தமிழில் எழுதித் தாங்க" என்று கேட்டேன். அதற்கென்ன என்று ஐந்தே நிமிஷத்தில் எழுதிக்கொடுத்தார். இப்போது இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறது. அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

சனிக்கிழமையோடு முப்பத்தாறு வீடு முடிந்தது. முப்பத்தேழாவது எங்கள் வீடு.

நான் வீடு வீடாகப் போவது அம்மாவுக்குத் தெரியும். உன் அப்பா மிரட்டித்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் சேர்த்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை. வாசலில் மண் இறைத்த அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று கேட்டாயே. அம்மா எனக்காகச் சண்டை போட்டாள், கனி. தப்பு செய்தவள் நான் இல்லை என்று நம்புகிற ஒரே ஆள் அவள்தான். அந்த நம்பிக்கையையும் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. இதைவிட அசிங்கமான காரணம் வேறு இருக்குமா தெரியவில்லை.

நேற்றுக் காலையில் அம்மா களத்தில் வரப்பு உளுந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் எப்படிச் சொன்னேனோ அதேமாதிரி தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நின்று சொன்னேன். கேட்டுக்கொண்டே தட்டினாள். பாதியில் கோலைக் கீழே போட்டாள்.

"அவரு உன்ன ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லம்மா."

"நீயாத்தான் போனியா, முப்பத்தாறு வீட்டுக்கும்?"

"ஆமாம்மா."

"ஊரெல்லாம் சொல்லிட்டு எனக்குத்தான் கடைசியாடி?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. களத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த வாசல்ல நின்னு என்னென்ன பேசினேன்" என்று மட்டும் சொன்னாள். மதியம் சோறு ஆக்கவில்லை. நாலு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வந்து, "வா" என்றாள்.

உங்கள் வீடு வரை அவள்தான் முன்னால் போனாள். இரும்புக் கேட்டுக்கு வெளியே வந்ததும் நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் எங்கே போனாலும் என் பேரைக்கூட அவள்தான் சொல்வாள். நேற்று வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அத்தை, "யாரது?" என்றார்கள்.

"வேம்பு மக சுடர்விழி" என்றேன். "எங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

மாமாதான் வந்து கதவைத் திறந்தார். அதற்கு மேல் நடந்ததை அத்தை உன்னிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லட்டும். நான் சொன்னால் என் பக்கம் சாய்த்துச் சொல்லிவிடுவேன்.

சுடர்விழி